மேசைப்பந்தாட்டமும் கருவி மாற்றமும்: ஊவாத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு நோக்கு

ஆட்டத்திறன் பிறவி வரம் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. மேசைப்பந்தாட்டத்தின் வரலாறோ வேறோர் உண்மையை உணர்த்துகின்றது: கருவி மாறுந்தோறும் ஆட்டமுறையும் மாறியுள்ளது.

உலகப் போட்டிகள் 1926 இல் லண்டனில் தொடங்கின. அடுத்த கால் நூற்றாண்டில் புடைப்புகள் கொண்ட இறப்பர் உறை ஒட்டிய மட்டையே மேலோங்கியிருந்தது. அது பந்துக்கு ஓரளவு சுழற்சியையே தந்தமையால், பொறுமையும் தற்காப்பும் சிறப்புப் பெற்றன. 1952 இல் பம்பாயில் நடைபெற்ற உலகப் போட்டியில், யப்பானியரான ஹிரோஜி சாத்தோ தடித்த பஞ்சு உறை மட்டையுடன் ஒற்றையர் பட்டத்தை வென்றார். மட்டையின் ஒலி அடங்கவே, பந்தின் வேகத்தைச் செவியால் உணரும் வாய்ப்பு எதிராளிக்கு அற்றுப்போயிற்று. 1959 இல் உறையின் தடிப்பு வரையறுக்கப்பட்டது. எனினும் பந்தைப் பற்றும் வழவழப்பான இறப்பர் மேற்சுழற்சித் தாக்குதலுக்கு வழிவகுத்தது. 2000 இல் வேகத்தைத் தணிக்கும்பொருட்டுப் பந்தின் விட்டம் 38 மில்லிமீற்றரிலிருந்து 40 ஆக்கப்பட்டது. 2008 இல் உடல்நலங் கருதி ஆவியாகும் கரைப்பான் கொண்ட பசை விலக்கப்பட்டது. அதனால் இழந்த வேகத்தைச் சந்தை விலைகூடிய புதிய உறைகளால் ஈடுசெய்தது.

இவ்வரலாற்றைப் பதுளையிலிருந்து நோக்குவோர்க்கு ஒரு முரண்பாடு புலப்படும். மட்டையின் உறைக்கு இயற்கை இறப்பரும் மூலப்பொருளாகும். 1876 இல் இலங்கைக்கு வந்த அம்மரம் ஊவாவின் மொனராகலைப் பகுதியிலும் பால்வெட்டப்படுகின்றது. ஆனால் பால் வெட்டும் கைகளுக்கும், அயலில் கொழுந்து பறிக்கும் கைகளுக்கும் அந்த உறை எட்டாப் பண்டமாகவே உள்ளது. ஆங்கிலேயர் காலத்து லயக் காம்பரா பெரும்பாலும் 12 அடிக்கு 10 அடி. ஆட்ட மேசையோ 9 அடிக்கு 5 அடி. மேசையை உள்ளே இட்டால் ஆடுபவர் நிற்க எஞ்சுவது ஒன்றரை அடியே. மேற்சுழற்சி ஆட்டத்துக்கோ மேசையிலிருந்து பல அடி பின்வாங்க இடம் வேண்டும்.

தேய்ந்த உறை பந்தைப் பற்றாது. பற்றாதவிடத்துச் சுழற்சி பிறவாது. அத்தகைய மட்டையுடன் பழகும் தோட்டத்து மாணவனோ மாணவியோ பந்தைத் தள்ளியும் தடுத்துமே ஆட நேரும். இதனைத் தாக்கும் ஊக்கமின்மை எனக் கணிப்பவர், உடைமையின் குறையை மனிதரின் குறையாக மயங்குகின்றார். தோட்டப் பாடசாலைகளுக்குப் பொது மண்டபமும் மேசையும் தேயாத மட்டையும் கிட்டிய பின்னரே திறமை பற்றிய விவாதம் நியாயமாகத் தொடங்க முடியும்.