மூளையின் பள்ளங்களும் எல்லைகளும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர் கடுகண்ணாவை மலையேறி, பிலிமத்தலாவையைக் கடந்து, பேராதனையில் மகாவலி கங்கையைக் காண்பர். கங்கைக்கு இப்பால் எது, அப்பால் எது என்று அறிய அங்கே எவருக்கும் வரைபடம் வேண்டியதில்லை. ஆறோ ஓடையோ குறுக்கிடாத இரண்டு கிராமங்களின் எல்லையையோ நில அளவையாளர் கோடிட்டுத்தான் காட்டவேண்டும். மனித மூளையிலும் இவ்விருவகை எல்லைகளும் உண்டு.

1962இல் ஆரம்பமான பேராதனை மருத்துவ பீடத்தில் உடலமைப்பியல் கற்கப் புகும் மாணவருக்கு, மூளையின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களே வழிகாட்டிகள். ஏறக்குறைய மூன்று இறாத்தல் நிறையுள்ள மூளை, பெரிய சேலையைச் சிறு பெட்டியில் அடைத்தாற்போல மடிந்து கிடக்கிறது. அதன் மேற்பட்டையில் மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள் மறைந்துள்ளது. மடிப்புகளுக்கு இடைப்பட்ட பள்ளமே தவாளிப்பு எனப்படும்.

உச்சியிலிருந்து பக்கவாட்டில் இறங்குவது மையத் தவாளிப்பு. அதற்கு முன்னே நுதற்சோணை, பின்னே சுவர்ச்சோணை. பக்கத் தவாளிப்பின் கீழே கடைநுதற்சோணை. இப்பள்ளங்களை ரொலாண்டோ, சில்வியஸ் என்னும் மேனாட்டு அறிஞரின் பெயர்களாலும் அழைப்பர். ஆயினும் இருக்குமிடத்தைச் சொல்லும் தமிழ்ப் பெயர்களே மாணவர் மனத்தில் எளிதில் தங்கும். பின்னாலுள்ள பிடர்ச்சோணைக்கு உட்புறத்தில் தெளிவான பள்ளம் உண்டு. வெளிப்புறத்திலோ முழுமையான பள்ளம் இல்லை. அங்கே ஒரு கற்பனைக் கோடுதான் எல்லை.

இவ்வெல்லைகள் பரீட்சைக்கு மட்டும் உரியவை அல்ல. மையத் தவாளிப்புக்கு முன்னுள்ள மேடு உடலின் எதிர்ப்பக்கத்தை அசைப்பது. பின்னுள்ள மேடு தொடுகையை உணர்வது. அவ்விடத்துக் கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு விரலகலம் பிசகினால் நோயாளியின் கை முடங்கிவிடக்கூடும். மண்டையோட்டைத் திறந்தபின் அவர் காண்பது சிறிய சாளரத்தளவு இடமே. அதிலும் சவ்வும் நாளங்களும் மூடியிருக்கும். போதாக்குறைக்கு, எந்த இருவரின் மடிப்புகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவரின் இடமும் வலமுங்கூட ஒத்திரா. ஆகவே காந்தப் படத்தில், கையை இயக்கும் பகுதியின் குமிழ் போன்ற புடைப்பை முதலில் தேடுவர். பின்னர் மென்மையான மின்னோட்டத்தால் தொட்டு, விரல் அசைகிறதா என்று பார்ப்பர். மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது. அதனால் நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கவே இச்சோதனையைச் செய்யலாம். மொன்றியலில் பென்பீல்ட் என்பவர் தம் சகாவோடு சேர்ந்து, இவ்வாறு கண்டவற்றை 1937இல் வெளியிட்டார்.

இப்பள்ளங்கள் தோன்றும் காலமும் வியப்புக்குரியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள சிசுவின் 14 முதல் 24 வாரம் வரையான மூளையை 5,132 மென்துண்டங்களின் படங்களாக்கி 2024இல் வெளியிட்டது. அதற்கு இட்ட பெயர் தரணி. மேடும் பள்ளமும் எழும் பொருளுக்குப் பூமியின் பெயர் பொருத்தமானதே. அப்பருவத்தின் தொடக்கத்தில் மூளை ஏறக்குறைய வழுவழுப்பாகவே இருக்கும். பக்கத் தவாளிப்பு முந்தித் தோன்றும்; மையத் தவாளிப்பு ஆறாம் மாத அளவில் தெரியத் தொடங்கும்; ஏனையவற்றுட் பெரும்பாலானவை கடைசி மூன்று மாதங்களில் உருவாகும். எனவே, குறைமாதத்திற் பிறந்த குழந்தையின் மூளைப் படத்தில் எந்தெந்தப் பள்ளங்கள் விழுந்துள்ளன என்பதைக் கொண்டு, அம்மூளை எந்த மாதத்து வளர்ச்சியை எட்டியுள்ளது என்று வைத்தியர்கள் மதிப்பிடுகின்றனர்.