எலும்பும் கேட்கும்!

ஒரு முறுக்குத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு காதுகளையும் விரலால் நன்றாகப் பொத்தியபடி கடித்துப் பாருங்கள். வெளிச் சத்தம் அடங்கிவிடும். முறுக்கு நொறுங்கும் சத்தமோ முன்னைவிடப் பலமாகக் கேட்கும்! அடைத்த காதுக்குள் அது எப்படி வந்தது? தாடை எலும்பு, மண்டை எலும்பு வழியாக நேரே உட்செவிக்குப் போய்விட்டது.

இந்தக் குறுக்கு வழிதான் காது கேளாதவர் சிலருக்கு இன்று கைகொடுக்கிறது.

சாதாரணக் காதுக் கருவி, ஒலியைப் பெரிதாக்கிக் காதுத் துவாரத்துக்குள் அனுப்புகிறது. துவாரமே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் என்ன செய்வார்கள்? ஓயாமல் சீழ் வடியும் காதைக் கருவியால் அடைத்தால், காற்றோட்டமின்றி உபத்திரவம் அதிகமாகுமே!

இதற்கு வழி காட்டியது ஒரு முயல்! 1952-ல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் பிரோனெமார்க், முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். பிறகு கழற்றப் போனால், அது வந்தால்தானே? எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது! 1965-ல் இந்த முறையில் செயற்கைப் பல் கட்டினார். 1977-ல் கோதன்பர்க் நகரில் டாக்டர் ஷெல்ஸ்ட்ரோம், காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு டைட்டானியத் திருகை வைத்து, அதன் மேல் கேட்கும் கருவியை மாட்டினார். கருவி அதிர, எலும்பு அதிர, உட்செவி கேட்டது!

பச்சைக் குழந்தையின் மண்டை எலும்பு மெல்லியது. ஆகவே, ஆபரேஷனுக்குச் சாதாரணமாக ஐந்து வயதாவது ஆக வேண்டும் என்பார்கள். அதுவரை சும்மா இருந்தால் பேச்சுப் பழகும் பருவம் வீணாகிவிடும். கவலை வேண்டாம். அதே கருவியை மிருதுவான பட்டையில் கோத்துத் தலையைச் சுற்றிக் கட்டிவிடலாம். பெரியவர்களும், புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பது போல, இப்படிக் கட்டிப் பார்த்த பிறகே ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாம்.

இது சர்வரோக நிவாரணி அல்ல. விலை அதிகம். திருகு தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுற்றிலும் தினமும் சுத்தம் செய்யவேண்டும், தவறினால் புண்ணாகும். தோலுக்கு அடியில் காந்தம் வைக்கும் புது வகையில் இந்தத் தொல்லை இல்லை. இரு காதுகளிலும் உட்செவியே செயலற்றுப் போனவர்களுக்கு இதனால் பயனில்லை. ஒரு காது அடியோடு கேளாமல் மறு காது நன்றாயிருந்தால், அந்தப் பக்கத்துச் சத்தத்தை எலும்பு வழியே நல்ல காதுக்குக் கடத்தித் தரும்.

எனவே, 'எந்தக் கருவி வாங்கலாம்?' என்று கடைக்காரரைக் கேட்குமுன், 'கோளாறு எந்த இடத்தில்?' என்று காது டாக்டரைக் கேளுங்கள். குழந்தையின் விஷயமானால் இன்றே கேளுங்கள்!