உதைத்த கணக்கு

சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது பிறக்கும் நியூட்ரினோக்கள், பூமியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி என்ற கணக்கில் பாய்கின்றன. அநேகமாக எதிலும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும் இவற்றை எண்ணத் துணிந்தவர் அமெரிக்க வேதியியலாளர் ரேமண்ட் டேவிஸ். தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், டிரை கிளீனிங்குக்குப் பயன்படும் திரவத்தை 600 டன்னுக்கும் மேல் நிரப்பிவைத்தார். அதிலுள்ள குளோரின் அணு ஒன்றில் நியூட்ரினோ மோதினால் அது ஆர்கானாகும். இரண்டு நாளைக்கு ஓர் ஆர்கான் அணு தேறினாலே பெரிது. 1968-இல் முதல் முடிவு வந்தபோதே கணக்கு உதைத்தது. சூரியனுக்கு ஒரு மாதிரி அமைத்து ஜான் பாக்கால் என்ற இயற்பியலாளர் கணித்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது; ஆண்டுகள் பல எண்ணியும் அந்தப் பங்கு மாறவில்லை.

அவ்வளவு பெரிய தொட்டியில் சில அணுக்களைத் தவறவிட்டிருக்கலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டேவிஸ், தெரிந்த அளவு ஆர்கானைத் தொட்டியில் கலந்து, ஏறக்குறைய முழுவதையும் மீட்டுக் காட்டினார். பின்னர் ஜப்பானில் தண்ணீரைக் கொண்டும், இத்தாலியிலும் ரஷ்யாவிலும் காலியத்தைக் கொண்டும் எண்ணியவர்களும் குறைவையே கண்டார்கள். அப்படியானால் பாக்கால் சூரியனை அதிக வெப்பமாகக் கருதிவிட்டாரா? சூரியனின் அதிர்வுகளை ஆராய்ந்து அதன் உள்ளே ஒலி செல்லும் வேகத்தை அளந்தபோது, அவரது மாதிரி பெரும்பாலும் சரியென்றே தெரிந்தது.

அளந்தவரும் கணித்தவரும் சரியென்றால், இருவரும் சோதிக்காமல் ஏற்றுக்கொண்ட ஒன்றில்தான் பிழை இருக்க வேண்டும். நியூட்ரினோ மூன்று வகை. குளோரினுக்குத் தட்டுப்படுவது எலக்ட்ரான் வகை மட்டுமே. சூரியனில் பிறப்பதும் அதே வகைதான் என்பதால், வழியில் மாறாது என்று எண்ணிவிட்டார்கள். கனடாவின் சட்பரியில், சுரங்கத்தின் 2 கிலோமீட்டர் ஆழத்தில் வைத்த 1,000 டன் கனநீர் இதைத் தீர்த்தது. கனநீரில் எலக்ட்ரான் வகையைத் தனியாகவும், மூன்றையும் சேர்த்தும் எண்ண முடியும். 2002-இல் வெளியான முடிவின்படி, சூரியனுக்குள் போரான் சிதைவில் பிறக்கும் சிறு பகுதி நியூட்ரினோக்களில் எலக்ட்ரான் வகை சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்குச் சுமார் 17.6 லட்சம், மூன்றும் சேர்ந்து 50.9 லட்சம். கோட்பாடு கேட்டதும் சுமார் 50 லட்சமே. வகை மாற நியூட்ரினோவுக்கு நிறை வேண்டும்; நிறையே இல்லை என்று வைத்திருந்த துகள் இயற்பியல்தான் தன் ஏட்டைத் திருத்திக்கொண்டது. டேவிஸின் மூன்றில் ஒரு பங்கு அப்படியே நிற்கிறது.