'தங்குமிடம் இலவசம்': பட்டறையிலேயே தூங்கினால் என்ன ஆபத்து?

வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவருக்கு வாடகை மிச்சம் என்பது பெரிய விஷயம்தான். ஆனால், படுக்கை எங்கே போடுகிறார்கள் என்பதையும் பார்க்கணும்.

2019 டிசம்பர் 8 அதிகாலை, டெல்லி அனாஜ் மண்டி தீ விபத்தில் 43 பேர் இறந்தார்கள். வேலை பார்த்த கட்டடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தவர்கள். பெரும்பாலானோரின் உயிரைப் பறித்தது புகை.

விருத்தாசலம் மாதிரி செராமிக் ஊரில்?

சூளைப் புகை வெளியேற வழியில்லாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு தேங்கும். நிறமோ வாசனையோ கிடையாது. தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. அடுத்தது, மண்ணிலும் குவார்ட்ஸ் தூளிலும் உள்ள சிலிக்கா தூசு. நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஷிப்ட் முடிந்தும் அங்கேயே படுத்தால், ராத்திரியும் அதே தூசுதான்.

என்ன கேட்கணும்?

* தூங்கும் அறை சூளை, குடோனிலிருந்து தள்ளி இருக்கிறதா?
* ஜன்னலும் இரண்டாவது வாசலும் உண்டா?
* ராத்திரி சாவி யார்கிட்ட இருக்கும்?

கடைசிக் கேள்வி முக்கியம். 2016 டிசம்பரில் புனே பேக்கரி ஒன்றில் தீப்பிடித்தபோது, உள்ளே தூங்கிய 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி வேலைக்குக் கிளம்பினால், சம்பளத்தோடு சாவியைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள்.