உங்களுக்குத் தெரியுமா? எம்சிபி விழாமலே பிளக் எரியலாம்

ஜன்னல் ஏ.சி.யின் பிளக் கருகி உருகும்போதும் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாமல் இருக்கலாம். அது கவனிப்பது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை. தளர்ந்த சாக்கெட்டில் பிறக்கும் சூடு அதற்குத் தெரியாது. ஒன்றரை டன் ஏ.சி. ஏறத்தாழ 7, 8 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பிச் சூடு நான்கு மடங்காகும். ஆகவே ஒகேனக்கலின் பழைய விடுதி அறையானாலும் தருமபுரியின் பழைய அடுக்ககமானாலும், விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட 6 ஆம்பியர் பாயின்ட் இதற்கு ஆகாது.

“இத்தனை கோடை ஓடிவிட்டதே” என்பார்கள். ஓடிய ஆண்டுகளே ஆபத்தைக் கூட்டுகின்றன: சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இணைப்பு இன்னும் தளரும். தனி 16 ஆம்பியர் பாயின்ட், தகுந்த தடிமனில் செம்புக் கம்பி, சரியான எர்த் மூன்றும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. ஒரு மணி நேரம் ஓடியபின் சுவிட்சை அணைத்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடென்றால் அன்றே எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.