கப்பல்ல தனியா காசு குடுத்து ஒரு டின்னர்: தேவையா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

சிங்கப்பூர்ல இருந்து கிளம்புற குரூஸ் பத்தி போன எபிசோட்ல பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்கள்ல ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்துச்சு. "சாப்பாடு டிக்கெட்லயே அடக்கம்னு சொன்னீங்க. புக் பண்ணிட்டு ஆப்புக்குள்ள போனா ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்னு தலைக்கு 60 டாலர் கேக்குறாங்க. இது என்ன கதை? போகணுமா, வேண்டாமா?"

முதல்ல கணக்கைப் போட்டுருவோம். ராயல் கரீபியன், கார்னிவல், நார்வீஜியன் மாதிரி பெரிய கம்பெனிக் கப்பல்கள்ல ஒரு ஸ்டேக்ஹவுஸ் டின்னர் ஏறக்குறைய 50ல இருந்து 75 டாலர் வரைக்கும் போகும். கப்பலுக்குக் கப்பல், நாளுக்கு நாள் விலை மாறும். அதுக்கு மேல 18 அல்லது 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். குடிக்கிறது தனி. இப்ப நீங்க, உங்க துணை, அப்பா, அம்மா நாலு பேர்னு வைங்க. 60 டாலர் வீதம் 240. அதுல 18 சதவீதம் சேர்த்தா 283. நம்ம ரூபாயில 25,000 பக்கம் வந்து நிக்கும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சென்னையில ஹோட்டலுக்குப் போனா, அந்தக் காசைக் குடுக்கலைன்னா சாப்பாடு இல்ல. கப்பல்ல அப்படி இல்ல. அந்த ராத்திரிக்கான சாப்பாட்டுக்கு ஏற்கனவே காசு கட்டிட்டீங்க. அதை விட்டுட்டு இன்னொண்ணுக்கு மறுபடியும் கட்டுறீங்க. அதனால "அங்க சாப்பாடு நல்லா இருக்குமா?"ன்னு கேட்டுப் பிரயோஜனம் இல்ல. நல்லாத்தான் இருக்கும். இலவசமா கிடைக்கிறதைவிட 25,000 ரூபாய் அளவுக்கு வித்தியாசம் இருக்கா? அதைத்தான் கேட்கணும்.

வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னு புரிய, நம்ம கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க.

4,000 பேர் ஏறுற கப்பல். மெயின் டைனிங் ரூம்ல ராத்திரி சாப்பாடு வழக்கமா ரெண்டு பந்தி. ஆறு மணி வாக்குல ஒண்ணு, எட்டு மணி வாக்குல இன்னொண்ணு. (நேரம் குறிக்காம எப்ப வேணா வர்ற முறையும் இப்ப இருக்கு. ஆனா கிச்சன் ஒண்ணுதான்.) ஒரே நேரத்துல ஆயிரம் பேருக்கு மேல உக்காருவாங்க. எத்தனை பேர் மீன் கேப்பாங்க, எத்தனை பேர் கோழி கேப்பாங்கன்னு பழைய பயணங்களோட கணக்கை வெச்சு முன்கூட்டியே சமைச்சுத் தயாரா வெச்சிருப்பாங்க. வெயிட்டர் வரிசையில நின்னு, தட்டுகளை அடுக்கி, மூடி போட்டு எடுத்துட்டு வருவார். இது மட்டமான சமையல்னு அர்த்தம் இல்ல. இத்தனை பேருக்கு, இந்த வேகத்துல, ஆடுற கப்பல்ல, பெரும்பாலும் நெருப்பே இல்லாம மின்சார அடுப்புலயே சமைக்கிறாங்க. என்னைக் கேட்டா அதுவே ஒரு சாதனை. ஆனா பந்தி பந்திதான். ஸ்டேக்கோ வறுத்த மீனோ தட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள அதோட உச்ச நேரம் தாண்டிப் போயிருக்கும். அப்புறம், அடுத்த பந்திக்காரங்க நம்ம நாற்காலிக்குப் பின்னாடி நிக்கலைன்னாலும், கதவுக்கு வெளிய நிக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆறு மணி பந்தி ஏழரை, ஏழே முக்காலுக்கு எழுந்தாகணும்.

ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட் சின்ன இடம். பெரும்பாலும் அதுக்குன்னு தனியா ஒரு கிச்சன். நீங்க சொன்ன பிறகுதான் அடுப்புல ஏறும். அதனால ஸ்டார்ட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். ரெண்டு மணி நேரம், சில சமயம் ரெண்டரை மணி நேரம்கூட ஆகும். யாரும் பில்லை வெச்சு அவசரப்படுத்த மாட்டாங்க. காசு ஏற்கனவே கட்டியாச்சே.

அந்த 60 டாலர்ல பெரும்பகுதி நேரத்துக்குத்தான் போகுது. ஆட்டுக்கறி, இறால் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா, எப்ப போகலாம், எப்ப போகக்கூடாதுன்னு முடிவெடுக்கிறது சுலபமாயிடும்.

டைட்டானிக்லயும் இருந்துச்சு

இது இன்னைக்கு நேத்து வந்த ஐடியா இல்ல. 1905ல ஜெர்மனியோட ஹாம்பர்க்-அமெரிக்கா லைன் 'அமெரிக்கா'ங்கிற கப்பலை இறக்கினப்போ, அதுல ரிட்ஸ்-கார்ல்டன் பேர்ல ஒரு ரெஸ்டாரன்ட் வெச்சாங்க. டிக்கெட்ல வர்ற சாப்பாட்டு அறை தனி, காசு குடுத்து மெனு பார்த்துச் சாப்பிடுற இந்த இடம் தனி. பணக்காரப் பயணிகளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

டைட்டானிக்லயும் பி டெக்ல அதே மாதிரி ஒண்ணு, முதல் வகுப்புப் பயணிகளுக்கு மட்டும். லூய்ஜி காட்டிங்கிறவர் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தினார். பெரிய சாப்பாட்டு அறையில குறிச்ச நேரத்துலதான் டின்னர். இங்க காலை எட்டு மணியில இருந்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நினைச்சப்போ போய் உக்காரலாம். அன்னைக்கும் காசு குடுத்து வாங்கினது அதைத்தான். 1912 ஏப்ரல் 14 ராத்திரி, கேப்டன் ஸ்மித்துக்காக வைடனர் குடும்பம் விருந்து வெச்சதும் இங்கதான். அங்க வேலை பார்த்த இத்தாலிய, பிரெஞ்சுப் பணியாளர்கள் காட்டியோட ஆட்கள், கப்பல் கம்பெனியோட ஆட்கள் இல்ல. அறுபதுக்கும் மேல இருந்த அவங்கள்ல பிழைச்சது மூணே பேர். டின்னர் பத்திப் பேசும்போது இது எதுக்குன்னு தோணலாம். ஆனா அந்த ரெஸ்டாரன்ட் பத்திப் படிச்சா இதைத் தாண்டிப் போக முடியல.

நடுவுல பல வருஷம் கப்பல்னா குறிச்ச மேஜை, குறிச்ச நேரம்தான். 2000ல நார்வீஜியன் கம்பெனி 'ஃப்ரீஸ்டைல் குரூஸிங்'னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. எப்ப வேணா, எங்க வேணா சாப்பிடுங்க, சில இடங்களுக்கு மட்டும் தனிக் கட்டணம். மத்த கம்பெனிகளும் அந்த வழியில நிறைய ரெஸ்டாரன்ட் திறந்தாங்க. அவங்களுக்கு இது சின்ன வருமானம் இல்ல. ராயல் கரீபியனை எடுத்துக்கிட்டா மொத்த வருமானத்துல ஏறக்குறைய 30 சதவீதம் டிக்கெட் இல்லாத செலவுகள்ல இருந்து வருது. குடி, கேசினோ, ஊர் சுத்திக் காட்டுறது, இந்த டின்னர் எல்லாம் சேர்த்து. ஏறின முதல் மணி நேரத்துலயே ஒருத்தர் மெனு கார்டோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறது இதனாலதான்.

எந்த ராத்திரி?

நேரத்தைத்தான் வாங்குறோம்னா, கையில நேரம் இருக்கிற ராத்திரியில வாங்கணும்.

கப்பல் நாள் முழுக்கக் கடல்லயே இருக்கும் பாருங்க, அந்த நாள்தான் பொருத்தம். மத்தியானம் தூங்கி எழுந்து, குளிச்சு, நல்ல டிரஸ் போட்டுட்டுப் போகலாம். புக்கெட்ல இறங்கி வெயில்ல எட்டு மணி நேரம் அலைஞ்சுட்டு வந்த அன்னைக்கு ரெண்டரை மணி நேர டின்னர்னா, மெயின் கோர்ஸ் வர்றதுக்குள்ள அப்பா கண்ணை மூடிடுவார். கடைசி ராத்திரி சுத்தமா வேண்டாம். பெட்டியைக் கட்டி பத்து, பதினொரு மணிக்குள்ள கேபின் வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க. டெசர்ட் சாப்பிடும்போதே பாஸ்போர்ட் எங்க வெச்சோம்னு யோசனை ஓடும்.

முதல் ராத்திரியில நிறைய பேர் பஃபேவிலயே சாப்பிட்டுடுவாங்க. அதனால ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட் காலியா கிடக்கும், சில கப்பல்கள்ல தள்ளுபடியும் குடுப்பாங்க, ஒரு ஒயின் பாட்டில்கூட சேர்த்துத் தருவாங்க. விமானத்துல ராத்திரி முழுக்க முழிச்சுட்டு வந்து ஏறாதவங்களுக்கு இது நல்ல டீல்.

ஏழு நாள் பயணத்துல ஃபார்மல் நைட்னு ஒண்ணு வரும். அன்னைக்கு மெயின் டைனிங்ல பல கப்பல்கள்ல லாப்ஸ்டர் போடுவாங்க, டிக்கெட்லயே அடக்கம். போயும் போயும் அந்த ராத்திரியில வெளிய காசு குடுத்துச் சாப்பிடாதீங்க. ஏறினதும் மெனு என்னைக்கு என்னன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

தியேட்டர் ஷோ டைமையும் பார்த்துக்கணும். ஆறரைக்கு உக்காந்துட்டு எட்டு மணி ஷோவுக்கு ஓடுறதா இருந்தா, நீங்களே உங்களுக்கு ஒரு பந்தி நேரம் வெச்சுக்கிட்டீங்க. அதுக்கு 60 டாலர் வேண்டாம்.

அதே காரணத்துக்காக, எல்லா ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்டும் நிதானமான இடம்னு நினைச்சுடாதீங்க. தெப்பன்யாகின்னா சமையல்காரர் முன்னாடி எல்லாரும் ஒண்ணா உக்காரணும். முட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார், பாட்டுப் பாடுவார், எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு ஒரே நேரத்துல முடியும். செலிபிரிட்டி கப்பல்கள்ல 'லெ பெட்டி ஷெஃப்'னு ஒண்ணு உண்டு. தட்டு மேல ஒரு குட்டிச் சமையல்காரர் அனிமேஷன்ல வந்து சமைப்பார். ரெண்டும் ஜாலியான ஷோ, குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். உக்காந்து மனசு விட்டுப் பேசணும்னா அங்க போகாதீங்க.

சைவக்காரங்களுக்கு

இதைத் தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா விளம்பரத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்டேக்ஹவுஸ்ல நிர்ணயிச்ச கட்டணம் தலைக்குத்தான், தட்டுல என்ன இருக்குங்கிறதுக்கு இல்ல. சைவம் சாப்பிடுற அம்மாவுக்கும் அதே 60 டாலர். வர்றது ஒரு காளானோ, ஒரு பாஸ்தாவோ. அவங்க அதைப் பார்த்துட்டு "இதுக்கா இவ்வளவு காசு?"ன்னு கேட்டுட்டா, மிச்ச மூணு பேர் சாப்பாடும் தொண்டையில இறங்காது. வீட்ல சைவம் இருந்தா இத்தாலியன் இடம் பரவாயில்ல.

அதைவிட நல்லது மெயின் டைனிங் ரூம்தான். பல பெரிய கப்பல்கள்ல தினமும் இந்தியச் சைவ உணவு ஒண்ணாவது மெனுவுல இருக்கும். ஹெட் வெயிட்டர்கிட்ட முதல் நாளே சொல்லி வெச்சா, மறுநாள் பருப்பும் ரொட்டியும் செஞ்சு குடுக்கிறது சகஜம். கப்பல் ஊழியர்கள்ல கோவாக்காரங்க நிறைய. நேரம் குறிச்ச பந்தியில இன்னொரு லாபம், தினமும் அதே மேஜை, அதே வெயிட்டர். மூணாவது நாள் அப்பா உக்காரும்போதே வெந்நீர் வந்துரும். ஒரு ராத்திரி வெளிய போனா அதை விட்டுட்டுப் போறீங்க. பெரியவங்களுக்கு இது பெரிய விஷயம்.

அப்ப யாருக்கு வொர்த்?

மூணு ராத்திரி சிங்கப்பூர்-பினாங்கு மாதிரி குட்டிப் பயணம்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். மெயின் டைனிங் மெனுவையே முழுசா பார்த்திருக்க மாட்டீங்க. ஏழு ராத்திரின்னா கதை வேற. அஞ்சாவது நாள் அந்தக் கூட்டமும் சத்தமும் கொஞ்சம் சலிக்க ஆரம்பிக்கும். அப்ப ஒரு ராத்திரி அமைதியான இடத்துல ரெண்டு பேர் மட்டும் உக்காந்தா அந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கு. சின்னக் குழந்தைங்க இருக்கிற ஜோடிக்கு இன்னும் அதிகமா. டிஸ்னி கப்பல்கள்ல 'பாலோ' ரெஸ்டாரன்ட்டுக்குப் பதினெட்டு வயசுக்கு மேலதான் அனுமதி. குழந்தைகளை அங்க இருக்கிற கிட்ஸ் கிளப்புல விட்டுட்டு, ரொம்ப மாசத்துக்கு அப்புறம் ஆறாம சூடா சாப்பிடுற பெற்றோர்கிட்ட போய் வொர்த்தான்னு கேட்டா சிரிப்பாங்க.

பட்ஜெட் இடிக்குதுன்னா மத்தியானம் போங்க. கடல்லயே இருக்கிற நாள்ல சில ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்கள் லஞ்ச்சுக்குத் திறக்கும், டின்னரைவிட விலை நல்லாவே குறைவு. கார்னிவல் கப்பல்கள் பலதுல 'குச்சினா தெல் கப்பிடானோ'ங்கிற இத்தாலியன் ரெஸ்டாரன்ட்ல மத்தியான பாஸ்தாவுக்குக் காசே கிடையாது. நல்ல ஸ்டேக் மட்டும்தான் வேணும்னா, ராயல் கரீபியன்ல ஸ்டேக்ஹவுஸ் கறித் துண்டையே மெயின் டைனிங் மேஜைக்குத் தனிக் கட்டணத்துல வரவழைக்கலாம். முழு டின்னர் விலையில ஒரு பகுதிதான் ஆகும்.

இந்தத் தனிக் கட்டணமே இல்லாத கம்பெனிகளும் இருக்கு. வர்ஜின் வாயேஜஸ்ல மெயின் டைனிங் ரூமும் கிடையாது, பஃபேவும் கிடையாது, எல்லா ரெஸ்டாரன்ட்டும் டிக்கெட்லயே அடக்கம். ஓஷியானியாவிலயும் ஸ்பெஷாலிட்டி இடங்களுக்குத் தனியா காசு இல்ல. டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

கடைசியா புக்கிங். ஏறுறதுக்கு முன்னாடியே ஆப்புல போட்டா பெரும்பாலும் கப்பல்ல சொல்ற விலையைவிடக் குறைவு. அந்த விலையும் ஏறி இறங்கும். போட்டுட்டு விட்டுடாதீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பாருங்க. குறைஞ்சிருந்தா கேன்சல் பண்ணிட்டு மறுபடி போடலாம். ஆனா கேன்சல் பண்ணக் கெடு உண்டு, புக் பண்ணும்போதே அதைப் படிச்சு வெச்சுக்கோங்க. கடைசி நேரத்துல வராம இருந்தா காசு போயிரும். சிங்கப்பூர்ல இருந்து போறவங்க ஆறரை மணி ஸ்லாட்டைப் பிடிங்க. அந்தப் பக்கம் வருஷம் முழுக்க ஏழு மணி வாக்குலதான் சூரியன் மறையும். ஜன்னல் ஓர மேஜைக்கு உத்தரவாதம் யாரும் தர மாட்டாங்க, ஆனா அன்னைக்கு மத்தியானமே ரெஸ்டாரன்ட் வாசல் வரைக்கும் போய்க் கேட்டுட்டு வந்தா கிடைக்க வாய்ப்பு அதிகம்.