பொம்மைக்கு உங்கள் உடம்பு

தையல் கடைக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, “அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கீங்களா?” என்பதுதான். டேப் அதற்குப் பிறகுதான் கழுத்திலிருந்து இறங்கும். சில கடைகளில் இறங்குவதே இல்லை. நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்று இருந்துவிட்டால் ஆளே தேவையில்லை. அதை மேசையில் விரித்து, அதன் ஓரம் பார்த்துப் புதுத் துணியில் சாக் கோடு போட்டு வெட்டிவிடுவார்கள்.

பிறருக்குத் தைப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு போதும். தனக்குத் தானே தைத்துக்கொள்பவர்களுக்குப் போதாது. முன்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். முதுகில் துணி எங்கே மிஞ்சுகிறது, எங்கே இழுக்கிறது என்று பார்க்கத் திரும்பினால் துணியும் கூடவே திரும்புகிறது. குண்டூசி குத்தக் கையைப் பின்னால் கொண்டுபோனால் தோள் ஏறிவிடுகிறது. எதைச் சரிசெய்ய வேண்டுமோ அது அந்த நொடியில் இடம் மாறிவிடும். வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் டம்மி என்ற உடல் வடிவப் பொம்மையை வாங்குவது இதற்காகத்தான். வாங்கிய சில நாளில் அது துணி மாட்டும் ஸ்டாண்டாக மாறுவதும் பல வீடுகளில் நடப்பதுதான். 36 என்று எழுதியிருக்கிறது, நமக்கும் 36. ஆனால் டம்மிக்குக் கச்சிதமாக உட்கார்ந்த பிளவுஸ் நமக்குக் கைக்குழியில் பிடிக்கிறது.

காரணம் எளிது. சுற்றளவு என்பது வெறும் கூட்டுத்தொகை. ஒருவருக்கு முதுகு அகலமாக இருந்து, பக்கத் தையலிலிருந்து பக்கத் தையல் வரை பின்னால் 17½ அங்குலம், முன்னால் 18½ அங்குலம் இருக்கலாம். இன்னொருவருக்குப் பின்னால் 15½, முன்னால் 20½. இரண்டுமே 36தான். முதலாமவரின் பிளவுஸை இரண்டாமவர் போட்டால் ஹூக் மாட்டவே திண்டாட வேண்டியிருக்கும். இதற்கு மேல் தோளின் சரிவு, பிடரி எலும்பிலிருந்து இடுப்பு வரை உள்ள நீளம், மார்பின் முனையில் டாட் பாயிண்ட் விழும் உயரம் என்று பெட்டியில் எழுதப்படாத அளவுகள் வேறு இருக்கின்றன.

உடம்பைச் சில எண்களுக்குள் அடக்கும் முயற்சி இன்று நேற்றையது அல்ல. அமெரிக்க வேளாண்மைத் துறை 1939-40இல் ஏறக்குறைய 15,000 பெண்களை அழைத்து, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்தது. ஆயத்த ஆடைகளுக்குப் பொது அளவு வகுப்பதே நோக்கம். அந்தத் தரவை அடிப்படையாக வைத்து 1958இல் வெளியான அளவுத் தரம் 1983இல் திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டிலும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் இலக்குடன் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. அளவுப் பட்டியல் எவ்வளவு திருந்தினாலும் அது சராசரியைத்தான் சொல்லும். சராசரிக்குத் தைக்கக் கடைகள் இருக்கின்றன. வீட்டில் தைப்பவருக்கு வேண்டியது தன் தோள்.

பாரிஸ் தையல்காரர்கள் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். பிரெஞ்சுப் பேரரசி யூஜினிக்குக் குதிரையேற்ற உடைகள் தைத்த அலெக்சி லவீன் 1841இல் அங்கே ஒரு தையல் பள்ளி தொடங்கினார். எஸ்மோட் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. வளையும் அளவு டேப்பையும் தையலுக்கான மார்பளவுப் பொம்மையையும் உருவாக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். 1867இல் தொடங்கிய ஸ்டாக்மன் நிறுவனம் காகிதக்கூழில் பொம்மை செய்து பெயர் பெற்றது. உயர்ரக ஆடை தைக்கும் பாரிஸ் இல்லங்கள், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பொம்மை வார்க்கச் சொல்வதில்லை. இருக்கும் பொம்மையின் மேல் பஞ்சை அடுக்கடுக்காக வைத்து, காடா துணியால் இறுக்கி மூடி, அந்த வாடிக்கையாளரின் உடலாகவே ஆக்கிவிடுவார்கள். அவர் ஊரில் இல்லாதபோதும் அவருக்கான உடை அதன்மேல் வளரும். நம் வீட்டு டம்மிக்கும் இதே வைத்தியம்தான்.

இதற்கு முதல் நிபந்தனை, டம்மி நம்மைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பஞ்சை ஏற்றலாம், ஃபைபரைச் செதுக்க முடியாது. மார்புச் சுற்றளவைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் தோளும் மேல்மார்பும் பெரிதாகிவிடும். அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே டேப் சுற்றி வரும் அளவைப் பாருங்கள். தோள் அகலத்தையும் முதுகு நீளத்தையும் பாருங்கள். இவை உங்கள் அளவுக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருந்தால் மற்றதைப் பஞ்சு பார்த்துக்கொள்ளும்.

திருகினால் விரியும் டம்மி விலை கூடுதல். என் பார்வையில், அந்தப் பணத்துக்கு அது செய்வது குறைவு. உடலைத் துண்டு துண்டாகப் பிளந்து, அவற்றை விலக்கி வைப்பதே அதன் வேலை. முன் நடுவில் இடைவெளி விழுந்தால் இரண்டு டாட் பாயிண்ட்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகும்; பல டம்மிகளில் கழுத்தும் தோளும் சேர்ந்தே அகலும். யாருக்கும் உடம்பு அப்படிப் பெருப்பதில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், திருகை முழுக்க மூடிச் சின்னதாக்கி அதன் மேலேயே பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

அளவெடுக்க இன்னொருவர் வேண்டும். இடுப்பில் ஓர் எலாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு இரண்டு முறை பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்தால், அது தானாக இடுப்பின் உண்மையான இடத்தில் போய் நிற்கும். பாவாடை நாடா கட்டும் இடம் அதுவல்ல; அது இதற்கும் கீழே. மேலிருந்து இறங்கும் நீளங்கள் எல்லாம் அந்த எலாஸ்டிக்கில் முடியட்டும்: பிடரியிலிருந்து பின்னால், தோள் நடுவிலிருந்து டாட் பாயிண்ட் வழியாக முன்னால், அக்குளிலிருந்து பக்கவாட்டில். சுற்றளவுகளை முன்பாதி, பின்பாதி என்று பிரித்தே எழுதுங்கள். வலது தோளையும் இடது தோளையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். எப்போதும் ஒரே பக்கம் பை மாட்டுபவர்களுக்கு வித்தியாசம் டேப்பிலேயே தெரியும். எந்த உள்ளாடையோடு பிளவுஸ் போடுவீர்களோ அதோடுதான் அளவெடுக்க வேண்டும். பிறகு அதே போன்ற இன்னொரு உள்ளாடையை டம்மிக்கும் மாட்டி, கப்பை நிரப்ப வேண்டும். மார்பின் இடமும் உருவமும் பாதிக்கு மேல் அங்கேயே சரியாகிவிடும்.

பஞ்சு வைக்கும்போது எல்லாரையும் ஏமாற்றுவது கணக்கு. மூன்று அங்குலம் கூட்ட வேண்டும் என்றால் கை தானாக ஒரு கனத்த மூட்டையை எடுக்கும். ஆனால் வட்டத்தைச் சுற்றி எவ்வளவு கனம் ஏற்றுகிறோமோ, சுற்றளவு அதைப்போல ஆறேகால் மடங்கு கூடுகிறது. சுற்றிலும் அரை அங்குலம் வைத்தாலே மூன்று அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். ஓர் அங்குலம் மட்டும் கூட்ட, சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் கனம் போதும். அதனால் உருண்டைப் பஞ்சு வேண்டாம். ரஜாய்க்குள் வைக்கிற மாதிரி தட்டையான பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு வாங்குங்கள். கத்தரியால் வெட்டினால் அந்த ஓரம் மேலே போடும் துணியில் வரப்பாகத் தெரியும். கையால் பிய்த்தால் ஓரம் மெலிந்து கலந்துவிடும். சின்னத் துண்டு அடியில், அதைவிடப் பெரியது மேலே என்று அடுக்க வேண்டும். தோள் நிமிர்ந்தவர்களுக்கு ஷோல்டர் பேட், வயிறு சற்று முன்தள்ளியவர்களுக்கு அங்கே ஓர் அடுக்கு. அதை வைக்க வெட்கப்பட்டால் நஷ்டம் பிளவுஸுக்கும் சுடிதாருக்கும்தான். பிளாஸ்டிக், ஃபைபர் டம்மிகளில் குண்டூசி இறங்காது; முதலில் கனமான துணியைச் சுற்றித் தைத்துவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

பஞ்சின் மேல் டேப்பை இறுக்கினால் அமுங்கி, எந்த அளவு வேண்டுமோ அதையே காட்டும். அந்த எண்ணை நம்பக் கூடாது. இதற்குத்தான் உறை. நீளாத காடா துணியில், பிரின்சஸ் கட்டில், உடம்போடு ஒட்டிய கையில்லாத மேல்சட்டை ஒன்றைத் தைத்து, அதை உங்கள் மேல் போட்டுப் பார்த்துத் திருத்துங்கள். முன்சுருக்கம், பின்சுருக்கம் எல்லாம் போகும்வரை திருத்த வேண்டும். நேரம் எடுக்கும், இதில் குறுக்குவழி இல்லை. தொடைவரை நீண்டால் இன்னும் நல்லது. பிறகு அதை டம்மிக்கு மாட்டினால் எங்கெங்கே தொளதொளக்கிறதோ அங்கெல்லாம் பஞ்சு வேண்டும் என்று அர்த்தம். உறை சுருக்கமின்றி நிறைந்துவிட்டால் வேலை முடிந்தது. டேப் அதை உறுதிப்படுத்தினால் போதும்.

டம்மியே வாங்காமல் செய்யும் வழியும் உண்டு. பழைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்க, இன்னொருவர் மேலெல்லாம் டக்ட் டேப்பை ஒட்டி, முதுகில் வெட்டிக் கழற்றி, உள்ளே பஞ்சடைப்பார். 1920களில் அமெரிக்கக் கிராமப் பெண்கள் பசைக் காகித நாடாவை நனைத்து ஒட்டி இதையே செய்தார்கள். செலவு குறைவு, முதுகின் வளைவு அப்படியே கிடைக்கும். ஆனால் நம் ஊர் மே மாதத்தில் பிளாஸ்டிக் நாடாவுக்குள் அசையாமல் நிற்பது மயக்கத்தில் போய் முடியலாம். மின்விசிறி, தண்ணீர், ‘போதும்’ என்றால் உடனே வெட்டத் தயாராக இருக்கும் ஆள் மூன்றும் வேண்டும். இறுக்கி ஒட்டினால் உடம்பு நசுங்கிய அளவில்தான் பொம்மை வரும். வெயிலில் பசை இளகி, துணியில் ஒட்டவும் செய்யும்.

இத்தனை பாடு எதற்கு? ஆரி வேலை செய்யும் பிளவுஸை நினைத்துப் பாருங்கள். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மணியும் ஜரிகையும் கோத்த பிறகுதான் வெட்டித் தைக்கிறார்கள். கழுத்து இறக்கம் அரை அங்குலம் பிசகினால் வேலைப்பாட்டையே பிரிக்க வேண்டும். டம்மியின் மேல் காடா துணியில் ஒருமுறை வெட்டிப் பார்த்து, கழுத்துக் கோட்டைப் பேனாவால் வரைந்து, அந்தக் காடாவையே பேட்டர்னாக ஆரிக்காரரிடம் கொடுக்கலாம். கல்யாணச் சேலைகளுக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்துத் தருபவர்களும் இன்று டம்மியோடுதான் வேலை செய்கிறார்கள். மணப்பெண்ணின் இடுப்பளவு அதில் இல்லாவிட்டால் கொசுவம் இடம் மாறி விழும்.

டம்மிக்குக் கை இல்லை, மூச்சு இல்லை. கையைத் தூக்கினால் பிளவுஸ் எவ்வளவு மேலேறும், உட்கார்ந்தால் எங்கே பிடிக்கும் என்பதெல்லாம் அதில் தெரியாது. பிளவுஸுக்குக் கையைப் பொருத்தியதும் உங்கள் உடம்பில் ஒருமுறை போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

உறையின் முதுகில் ஜிப் வைப்பது நல்லது. எடை கூடினால், குறைந்தால், பிள்ளை பெற்றால், உள்ளே கைவிட்டு ஓர் அடுக்கைச் சேர்க்கலாம், எடுக்கலாம். அளவெடுத்த தேதியை உறையின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். அம்மாவுக்கும் மகளுக்கும் தோள் அகலமும் முதுகு நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், ஒரே டம்மிக்கு இரண்டு உறை தைத்துக்கொள்ளலாம். யாருடைய பஞ்சு எது என்று ஒவ்வொரு துண்டிலும் பெயர் எழுதிவைத்தால் தீபாவளிக்கு முந்தின வாரம் சண்டை வராது.